இரத்தத்தில் கண்ட அடையாளம் குடும்பத்தின் கறையன்று

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சில மாதங்களுக்கு முன் ஒரு நிக்காஹ் பேச்சுக்கு நம்மை அழைத்திருந்தனர். இரு வீட்டாருக்கும் மனம் ஒப்பியிருந்தது. நாள் குறிப்பதே மீதமிருந்தது. அவ்வேளையில், பெண்ணின் தந்தை இரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை உண்டு வருகிறார் என்னும் செய்தி வெளிப்பட்டது. "பி.சி.ஆர். சோதனையில் ஜீனிலேயே நோய் இருப்பதாக வந்திருக்கிறதாம். நாளை பேரப்பிள்ளைகளுக்கும் வந்துவிட்டால்?" என்று கேட்டு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து சென்றனர். "ஹஜ்ரத், நீங்களாவது சொல்லுங்கள்" என்று அத்தந்தை நம் முகத்தைப் பார்த்தார். நம்மிடம் விடையில்லை. பின்னர் மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்ததை, அவருடைய அனுமதியுடன் இங்கே வைக்கிறோம்.

பி.சி.ஆர். நமக்குப் புதிதன்று. 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துச் சென்று செய்ததும் அச்சோதனையே. டி.என்.ஏ.யில் தேடுகின்ற ஒரு துண்டை மட்டும் பிடித்து நகலெடுக்கும் முறை அது. 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி முல்லிஸ் இதற்கு வழிகண்டார். 1993ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஏறத்தாழ 95 பாகை வெப்பத்தில் டி.என்.ஏ.யின் இரு இழைகளும் பிரிகின்றன. சூடு தணிந்ததும், தேடும் பகுதிக்கென்றே செய்த சிறு துண்டுகள் அதன் இரு எல்லைகளிலும் ஒட்டுகின்றன. பின்னர் ஒரு நொதி, குறையிழையை நிரப்புகிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இவ்வாறு 30 சுற்றுகளில் ஒன்று 107 கோடியாகப் பெருகக்கூடும். எனவேதான் ஒரு லட்சம் உயிரணுக்களுக்குள் மறைந்திருக்கும் ஒரே ஒரு நோயணுவையும் இச்சோதனையால் காட்ட முடிகிறது.

அவருக்கு வந்திருப்பது நாட்பட்ட மைலாய்டு வகை இரத்தப் புற்றுநோய். 1960ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு ஆகிய இருவர், இந்நோயாளரின் வெள்ளையணுக்களில் வழக்கத்தினும் சிறிய ஒரு குரோமோசோமைக் கண்டனர். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டதே காரணம் என்று 1973ஆம் ஆண்டு ஜேனட் ரவ்லி என்னும் பெண்மணி விளக்கினார். அவ்விடத்தில் இரு மரபணுக்கள் ஒட்டி பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்னும் பிழையான மரபணு உண்டாகிறது. சோதனை தேடுவது அதனையே. சோதனையின் பெயரும் மரபணுவின் பெயரும் ஒத்தொலிப்பது தற்செயலே.

அன்பர்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். இப்பிழை பிறப்பில் வந்ததன்று. வாழ்நாளின் இடையில், எலும்பு மஜ்ஜையின் ஓர் உயிரணுவில் நேர்ந்தது. தந்தை அதனை எவரிடமிருந்தும் பெறவில்லை, மகளுக்கும் கொடுக்கவில்லை. "ஜீனில் நோய்" என்ற சொல்லைக் கேட்டதும் "பரம்பரை நோய்" என்று நாம் கொண்ட பொருளே பிழை.

பரம்பரையாக வருபவையும் உண்டு என்பதை மறைக்கலாகாது. 1994ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவின் கேடு, மார்பகம், சினைப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருப்பின் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஆனால் அதுவும் நோய் வந்துவிட்டது என்னும் தீர்ப்பன்று. முன்கூட்டியே காத்துக்கொள்ளக் கிடைத்த எச்சரிக்கை. அம்முடிவு அவரிடமும் மருத்துவரிடமும் இருக்க வேண்டிய அமானிதம், திண்ணைப் பேச்சுக்குரியதன்று.

அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை. அதனினும் பெரிய துயரம் ஒன்று நேர்ந்தது. அவர் அடுத்த சோதனைக்குச் செல்லவில்லை. "அந்தக் காகிதம்தானே ஹஜ்ரத், என் மகளின் வாழ்வைக் கெடுத்தது" என்றார். 2001ஆம் ஆண்டு வந்த இமாட்டினிப் மாத்திரையால் இந்நோயாளர் பலர் நெடுங்காலம் நலமாக வாழ்கின்றனர். ஆயினும் உடல் நன்றாயிருக்கும்போதே நோயணு மீண்டும் பெருகலாம்; அதனை முதலில் சொல்வது அக்காகிதமே. தொடக்கத்தில் மூன்று மாதத்திற்கு ஒருமுறை சோதிப்பதும் அதற்காகவே. மாத்திரையை நிறுத்தலாமா என்பதையும் மருத்துவரே, பல ஆண்டுச் சோதனை முடிவுகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நாமே உடன் சென்று அவருக்குச் சோதனை செய்வித்தோம். இனி எவரும் நம் பேச்சுக்கு அஞ்சி மருத்துவமனைப் படியேறத் தயங்கும் நிலை இந்த மஹல்லாவில் வேண்டாம். சம்பந்தம் பேசும் பெரியவர்கள் ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்; அதன் பிறகு எழுந்து செல்வதா, அமர்வதா என்று முடிவு செய்யுங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக! வஸ்ஸலாம்.