ஒரு வரி வசனம் கொடு!



நூலகத்தைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். நூலகம் அடுத்த கூட்டத்துக்கு இருக்கட்டும். போன வாரம் நம் ஊர்ப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் நடந்ததைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

ஏழாம் வகுப்புப் பிள்ளை. வேலு நாச்சியார் வேஷம். ஒரு மாதம் ஒத்திகை, வசனம் முழுக்க மனப்பாடம். விழா அன்று சாயங்காலம் ஒருவர் வந்து பார்க்கிறார். "இந்தக் கலர் லைட்ல எடுபடாது" என்கிறார். அவ்வளவுதான்! கையிலிருந்த வாளைப் பிடுங்கி ஒரு சிவத்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, இவள் கழுத்தில் பச்சை அட்டையை மாட்டிக் கடைசியில் மரமாக நிறுத்திவிட்டார்கள். மரத்துக்கு வசனம் உண்டா? ஒரு வரி உண்டா?

நவாபையும் கும்பினியையும் எதிர்த்து 1780-இல் சிவகங்கையை மீட்டவள் வேலு நாச்சியார். அந்தச் சீமை வெயிலில் குதிரையேறியவள் முகத்தில் பவுடர் பூசிக்கொண்டா படை நடத்தினாள்? யாரைக் கேட்டு அந்தப் பிள்ளையின் வாளைப் பிடுங்கினீர்கள்?

"வேஷம் கட்டினால் நீட் பாஸாகுமா?" என்று கேட்பார்கள் சிலர். அதற்குமேல் அவர்களிடம் சரக்கு இல்லை. அதே ஆட்கள்தான் கோட்டுப் போட்ட ஒருவரைக் காசு கொடுத்துக் கூட்டிவந்து, "நான் வெல்வேன், நான் வெல்வேன்" என்று பிள்ளைகளைக் கத்தச் சொல்கிறார்கள். மூன்று மணி நேரம் கத்தின பிள்ளை வீட்டுக்கு வந்து தொண்டை வலிக்குதும்மா என்றதாம்! அந்தக் காசில் ஊருக்கே அரிதாரம் வாங்கலாம்.

என்னோடு படித்த ஒருவனுக்குத் திக்குவாய். வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்வதற்குள் அடுத்த பெயர் போய்விடும். எங்கள் தமிழய்யா அவனுக்குக் கட்டியங்காரன் வேஷம் கொடுத்தார். பேசவே பயப்படுகிறவனுக்கு நாடகத்திலேயே அதிகம் பேசுகிற வேஷம்! கோமாளிக் குல்லாவை மாட்டியவன் ராஜாவையே மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டான். சனம் சிரித்தது. அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை ஐயா, அவன் சொன்னதற்குச் சிரித்தது! மறுநாளும் திக்கினான். ஆனால் திக்கித் திக்கியே சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

செய்யாறு பக்கம் புரிசைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே தெருக்கூத்தில் வேஷக்காரர் முதலில் திரைக்குப் பின்னால் வந்து நிற்பார். யார் நீ என்று கட்டியங்காரன் கேட்பான். தன் பேரையும் குலத்தையும் வீரத்தையும் ஊரே கேட்கச் சொல்லிக்கொண்டு வெளியே வருவார். பகலில் ஏர் பிடித்தவர் கிரீடமும் புஜக்கீர்த்தியும் கட்டியதும் துரியோதனன்! முகமெல்லாம் செக்கச்செவேல் என்று அரிதாரம். அதற்குக் கீழே என்ன நிறம் என்று எவன் கேட்டான்? காஞ்சிபுரம் பக்கத்தில் பெருங்கட்டூர் ராஜகோபால் 2002-இல் குருகுலம் தொடங்கிப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்போடு கட்டைக்கூத்தும் சொல்லிக்கொடுத்தார். ஆண்கள் மட்டுமே கட்டிய வேஷத்தைப் பெண்பிள்ளைகள் கட்டி ஆடினார்கள். அங்கே வாளைப் பிடுங்க ஆளில்லை.

அரசுப் பள்ளிகளில் 2022-இலிருந்து கலைத் திருவிழா நடக்கிறது, வரவேற்கிறேன். ஆனால் அது போட்டி. ஜெயிக்கிற பிள்ளை மாவட்டம், மாநிலம் என்று போகும். வகுப்பில் மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கு யார் ஒரு வரி கொடுப்பது?

வாடகை டிரஸ் எடுக்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் மரம், கறுத்த பிள்ளைக்கும் மரம் என்றால், அது ஆண்டு விழாவா, காடா? அட்டையில் கிரீடம் வெட்டுங்கள், அம்மா சேலையில் வேஷம் கட்டுங்கள். யாருக்கு எந்த வேஷம் என்று பிள்ளைகளையே சீட்டுப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். வந்த வேஷத்தை விழா அன்று மாற்றாதீர்கள்.

தாய்மார்களே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் எழுந்து நின்று கேளுங்கள்: என் பிள்ளைக்கு எந்த வரி? பதில் வரும்வரை உட்காராதீர்கள்!