விமானத் தொழில்: முன்னர்க் கண், பின்னர்ப் பொன்

(இராணிப்பேட்டையில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பிரயாணிகளையும் சரக்கையும் ஏற்றிச்செல்லும் விமானத்தைச் செலுத்தும் தொழிலைப் பற்றியது. இலக்கணம் கற்பிப்போர்க்கு ஆகாய விமானத்தோடு யாது உறவு என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், நம்மவருள் பிள்ளைகளைப் பெற்றோர் பலர் எம்மை அணுகி, "ஐயா, பையன் பைலட் ஆகவேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறான், எவ்வளவு பணம் கட்டவேண்டும்?" என்று வினவுகின்றனர். அவ்வினாவில் பணமே முதலாவதாக வந்து நிற்றலைக் கண்டு யாம் அஞ்சினோம். அவ்வச்சமே இச்சொற்பொழிவுக்குக் காரணம்.

வானிற் பறத்தல் தமிழ்மக்களின் கற்பனைக்குப் புதியதன்று. சீவக சிந்தாமணியிலே சச்சந்தன் என்னும் அரசன், தனக்கு வரவிருக்கும் கேட்டினை உணர்ந்து, தன் தேவியாகிய விசயைக்கென ஒரு மயிற்பொறியைச் செய்வித்தான். பொறியைச் செய்வித்ததோடு அவன் அமைந்தானல்லன். அதனை வானில் எழுப்பவும் தரையில் இறக்கவும் தேவி பழகுமாறும் செய்தான். ஆபத்து வந்த நாளில் அப்பழக்கமே அவளைக் காத்தது. பொறி முன்னதன்று, பயிற்சியே முன்னது என்பதும், பெண்பாலார்க்கு இப்பயிற்சி அடாதென்று நம் புலவர் கருதவில்லை என்பதும் அக்கதையால் யாம் அறிகிறோம்.

கதை நிற்க, நம் தேசத்துச் சரித்திரத்தைப் பார்ப்போம். ஜே. ஆர். டி. டாட்டா 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 10-ந் தேதி விமானி லைசென்ஸ் பெற்றார். 1932-ம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ந் தேதி அவர் தபால் மூட்டைகளோடு கராச்சியிலிருந்து புறப்பட்டு ஆமதாபாத் வழியாகப் பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து அத்தபாலை நெவில் வின்ஸென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்த முதல் வழியின் கடைசி நிலையம் நம் சென்னையே என்பது நமக்குப் பெருமை தருவது. பின்னர், சென்னையிற் பிறந்த உஷா சுந்தரம் என்னும் அம்மையார் பெங்களூரை அடுத்த ஜக்கூரில் உள்ள அரசாங்கப் பயிற்சிப் பள்ளியிற் பயின்று 1949-ல் தேறினார். 1951-ல் சென்னை அரசாங்கத்துக்காக வாங்கப்பட்ட டவ் என்னும் விமானத்தைத் தம் கணவரோடு சேர்ந்து இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார். பெண்ணைப் பெற்றோர் இதனை மனத்திற் கொள்வாராக.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். நம் மாவட்டத்து அரக்கோணத்தில் 1992-ம் வருஷம் தொடங்கப்பெற்ற ஐ.என்.எஸ். ராஜாளி என்னும் கடற்படை விமானதளம் உள்ளது. அங்கிருந்து எழும் பெரிய விமானங்களை அண்ணாந்து நோக்கியே நம் பிள்ளைகள் பலர்க்கு இவ்வாசை முளைத்திருக்கிறது. ஆனால் ஒன்றை அவர்கள் அறியவேண்டும். படையில் விமானியாதல் வேறு; வணிக விமானியாதல் வேறு. படையிற் பயிற்சிக்கு நாம் பொருள் கொடுக்க வேண்டுவதில்லை. ஆயின் தேர்வும் கண் விதியும் மிகக் கடுமையானவை. வணிகத் துறையிற் கண் விதி சற்றே இளகியது. பொருட்செலவோ மிகப் பெரிது. யாம் ஈண்டுக் கூறுவது பின்னதைப் பற்றியே.

வணிக விமானி லைசென்ஸ் பெறுதற்கு 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பிற் பௌதிகமும் கணிதமும் தேறியிருத்தல் நெடுங்காலமாக வழங்கிவரும் விதி. இதனைத் தளர்த்தலாமா என்று 2025-ல் ஆலோசனை எழுந்ததுண்டு. எனினும் ஆலோசனையை நம்பி அவ்விரு பாடங்களைக் கைவிடுதல் விவேகமாகாது. வேறு பாடம் எடுத்துப் படித்தவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாக அவ்விரண்டையும் எழுதித் தேறுதல் உண்டு. இவற்றோடு வானில் 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். அதனுள் 100 மணி நேரம் தாமே விமானத்துக்குத் தலைவராய் இருந்து ஓட்டியதாக இருத்தல் வேண்டும். இரவிற் பறத்தல், வெளியே நோக்காது கருவிகளை மட்டும் நோக்கிப் பறத்தல், நெடுந்தூரம் தனித்துச் சென்று மீளுதல் ஆகியவையும் அதனுள் அடங்கும். வழியறிதல், வானிலை, விமானச் சட்டம், இயந்திர அறிவு என்னும் பாடங்களில் எழுத்துப் பரீட்சை உண்டு. நூற்றுக்கு 70 மார்க்கு வாங்கினாலன்றித் தேறுதல் இயலாது. வானொலியிற் பேசுதற்குரிய பரீட்சை தனியே உண்டு. பரீட்சைகள் யாவும் ஆங்கிலத்தில் நிகழ்வன. ஆதலின் நம் பிள்ளைகள் தமிழைப் பிழையறக் கற்பதோடு ஆங்கிலத்தையும் அச்சமறப் பேசப் பழகுவாராக.

இப்பொழுது இப்பேச்சின் உயிர்நிலையாகிய கண்ணைப் பற்றிக் கூறுவோம். நம்மிடையே இரண்டு தப்பபிப்பிராயங்கள் உலவுகின்றன. மூக்குக்கண்ணாடி அணிந்தவன் விமானியாக முடியாது என்பது ஒன்று. பணம் இருந்தால் யாரும் விமானியாகலாம் என்பது மற்றொன்று. இரண்டும் பொய்.

முதலாவதை ஆராய்வோம். வணிக விமானிக்குரிய முதல்வகுப்பு வைத்திய விதி கூறுவது யாதெனின், தூரப்பார்வை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே 6/9 அளவேனும், இரு கண்ணுக்கும் சேர்த்து 6/6 அளவேனும் இருத்தல் வேண்டும் என்பதே. 6/9 என்பதன் பொருள், குறைவற்ற கண் 9 மீட்டர் தூரத்தில் நின்று படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டர் தூரத்தில் நின்று படிக்கிறார் என்பதாம். இவ்வளவு கண்ணாடியின் துணையோடு கிட்டினும் போதும். அத்தகையவர் பறக்கும்பொழுது கண்ணாடியை அணிந்திருத்தலும், மற்றொரு கண்ணாடியைக் கைவசம் வைத்திருத்தலும் வேண்டும் என்பதே நிபந்தனை. கையில் உள்ள படத்தையும் எதிரே உள்ள கருவிகளையும் படித்தற்குரிய கிட்டப்பார்வைச் சோதனையும் உண்டு. லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்க்கும் வழி அடைபடவில்லை. ஆயினும் வயது, சிகிச்சைக்குப் பின் கழியவேண்டிய காலம், விழியின் நிலை ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உள. ஆதலின் விதியை அறியுமுன் அவசரப்பட்டு விழியிற் சிகிச்சை செய்துகொள்ளுதல் கூடாது.

இரண்டாவது, நிறத்தை அறியும் ஆற்றல். இஃது எழுத்தைப் படிக்கும் ஆற்றலினின்றும் வேறானது. எழுத்துக்களை எல்லாம் கடைசி வரிவரை படிப்பவனுக்கும் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தோன்றலாம். இக்குறை பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. தாய்வழியாக மகனை அடைவது. ஆதலின் ஆண்மக்களிடமே மிகுதியாகக் காணப்படுவது. கண்ணாடியாலோ மருந்தாலோ மாறுவதன்று. தோற் பதனிடும் நம் ஊரில் இதனை விளக்குதல் எளிது. சாயமிட்ட தோல்களை நிறம் பார்த்து அடுக்கும் இடத்தில் ஒருவன் பழுப்பையும் பச்சையையும் மயங்கி அடுக்குவானாயின், மேஸ்திரி அவனை வேறு வேலைக்கு மாற்றிவிடுவார். நட்டம் சில தோல்களோடு போகும். வானிலோ அவ்வாறன்று. விமானத்தின் இடச்சிறகில் சிவப்பு விளக்கும் வலச்சிறகில் பச்சை விளக்கும் உள்ளன. இரவில் எதிரே வருவது எத்திசையிற் செல்கிறது என்பதை அவற்றாலேயே அறிதல் கூடும். ஓடுதளத்தின் பக்கத்தில் வரிசையாக நான்கு விளக்குகள் அமைந்திருக்கும். இறங்கும் விமானம் உரிய சரிவில் வந்தால் அவற்றுள் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தோன்றும். நான்கும் சிவந்தால் மிகத் தாழ்ந்துவிட்டதென்று பொருள். வானொலி கெட்டபோது நிலையத்தார் காட்டும் குறிப்பும் பச்சை, சிவப்பு விளக்குகளாலேயே ஆவது. இவற்றை மயங்கி உணர்பவனை நம்பி நூற்றுக்கணக்கான உயிர்களை ஒப்படைத்தல் எங்ஙனம்?

இதனைச் சோதித்தற்கு இஷிஹாரா என்னும் ஜப்பானிய வைத்தியர் 1917-ல் வெளியிட்ட புள்ளிப்படங்கள் இன்றும் பயன்படுகின்றன. பல நிறப் புள்ளிகளுக்கிடையே மறைந்திருக்கும் எண்ணை நிறமறியும் கண் உடனே படித்துவிடும். குறையுள்ள கண் அதனைக் காணாது. சில நிமிஷங்களில் முடியும் சோதனை இது.

அச்சில நிமிஷச் சோதனையை முன்னரே செய்யாமையால் விளைந்த கேட்டை யாம் அறிவோம். நம்மவருள் ஒரு குடும்பத்தார், மகன் மீதுள்ள அன்பால், தரகன் ஒருவன் சொல்லை நம்பிப் பூர்வீக மனையை ஈடுவைத்து முன்பணம் கட்டினர். பின்னரே பையன் வைத்தியச் சோதனைக்குச் சென்றான். நிறக்குறை வெளிப்பட்டது. கட்டிய பணம் முழுதும் திரும்பவில்லை. பையனோ, குற்றம் ஏதும் செய்யாதிருந்தும், தந்தையின் முகத்தை நோக்க நாணித் திரிந்தான். பணநட்டத்தினும் அந்நாணமே எம் நெஞ்சை அறுத்தது. பிறவிக் குறை எவர் பிழையும் அன்று. அதனைக் காலத்தில் அறியாது விடுதலே இடர்.

ஆதலின் முறை இவ்வாறு அமைதல் வேண்டும். பத்தாம் வகுப்பிலேயே கண்வைத்தியரிடம் பிள்ளையைக் காட்டி, எழுத்துச் சோதனையையும் நிறச் சோதனையையும் செய்வித்தல் முதற்படி. வேலூரில் ஷெல் கண் மருத்துவமனை இருக்க, நமக்கு இது தொலைவான காரியமன்று. அதன்பின் சிவில் விமானத் தலைமை இயக்ககம் அங்கீகரித்த வைத்தியரிடம் இரண்டாம் வகுப்புச் சான்றும், பின்னர்ப் பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் முதல்வகுப்புச் சான்றும் பெறுதல் அடுத்த படிகள். காது, இருதயம், இரத்தம் முதலியனவும் அங்கே சோதிக்கப்பெறும். முதல்வகுப்புச் சான்று கையில் வருமுன் எப்பள்ளிக்கும் பெருந்தொகை கட்டற்க. உத்தியோகத்தில் அமர்ந்த பின்னும் இச்சோதனை ஆண்டுதோறும் தொடரும்.

சான்று பெற்றவர்க்குப் பயிற்சிக்கு நான்கு வழிகள் உள. முதலாவது, மத்திய அரசாங்கத்தின் சார்பில் உத்தரப் பிரதேசத்துப் பர்சத்கஞ்சில் 1985-ல் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசிய வானூர்திப் பயிற்சிக் கழகம். இதிற் சேர எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும் திறனறி சோதனையும் உண்டு, இடஒதுக்கீடும் உண்டு. இரண்டாவது, தனியார் பள்ளிகள். 2022-ல் சேலம், கடப்பை முதலிய விமான நிலையங்களிற் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டமையால் இவ்வழி நமக்கு அண்மையில் வந்துள்ளது. மூன்றாவது, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா முதலிய தேசங்களிற் பயிலுதல். அங்கே வானிலை தெளிந்திருத்தலாற் பயிற்சி விரைவில் முடிதல் உண்டு. ஆயினும் மீண்டுவந்து நம் நாட்டுப் பரீட்சைகளிலும் தேறியே லைசென்ஸை மாற்றிக்கொள்ளல் வேண்டும். நான்காவது, விமானக் கம்பெனிகள் தாமே நடத்தும் பயிற்சித் திட்டம். இதிற் செலவு மிகுதி. முடிவில் வேலை கிட்டும் வாய்ப்பும் மிகுதி.

எப்பள்ளியிற் சேர்வதாயினும், பயிற்சி விமானங்கள் எத்தனை பறக்கும் நிலையில் உள்ளன, ஆசிரியர் எத்தனை பேர், சென்ற மாணவர் 200 மணி நேரத்தை எத்தனை மாதத்தில் முடித்தனர் என்னும் மூன்று வினாக்களை நேரிற் சென்று, அங்குப் பயிலும் மாணவரிடமே கேட்டறிக. கட்டடத்தின் அழகு பறத்தலைக் கற்பிக்காது.

செலவோ ஏறத்தாழ 50 லட்சம் ரூபாய். கம்பெனி வழியில் ஒரு கோடியையும் எட்டும். லைசென்ஸ் பெற்ற பின்னும், ஏர்பஸ் முதலிய பெரிய விமானங்களுக்கெனத் தனிப்பயிற்சி பெறப் பல லட்சம் வேண்டும். பாங்கிகள் ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக்கடனுக்கு வழக்கமாக ஈடு கேட்கும். ஈடாவது நம் வீடே. தொழிலும் ஒருநிலைப்பட்டதன்று. 2012-ல் கிங்பிஷர் கம்பெனியும், 2019-ல் ஜெட் ஏர்வேஸும், 2023-ல் கோ பர்ஸ்ட்டும் பறத்தலை நிறுத்தின; 2020-ல் கொள்ளைநோய் உலகத்து விமானங்களையெல்லாம் தரையில் இருத்தியது. நல்ல காலத்திற் பெருஞ்சம்பளமும், அல்லாத காலத்தில் நெடுங்காத்திருப்பும் இத்தொழிலின் இயல்பு. ஆகவே பயிற்சிச் செலவோடு, முடித்தபின் ஈராண்டு காத்திருத்தற்கு வேண்டிய பொருளையும் கணக்கிற் சேர்த்த பின்னரே கையெழுத்திடுக.

இவ்வளவும் கூறியது பிள்ளைகளின் ஊக்கத்தை ஒடிப்பதற்கன்று. தகுதியுள்ள பிள்ளை ஒன்றேனும் பணமின்மையால் நின்றுவிடலாகாது. தகுதி அறியாமையால் ஒரு குடும்பமேனும் மனையை இழக்கலாகாது. இவ்விரண்டும் எம் கருத்து. நம் தேசத்து விமானிகளுள் நூற்றுக்குப் பதினைவர் அளவு பெண்மணிகளாயிருத்தல் உலகத்துச் சராசரியினும் மிக மேற்பட்டது. ஆதலின் சோதனைக்கு மகனை அழைத்துச் செல்வோர் மகளையும் உடனழைத்துச் செல்வாராக.

சங்கத்தாரிடம் எமது விண்ணப்பம் இரண்டு. வருஷந்தோறும் நம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சோதனையும் நிறச் சோதனையும் சேர்ந்த ஒரு கண் முகாமை நடத்துக. முதல்வகுப்பு வைத்தியச் சான்று பெறுதற்கான பிரயாணத்தையும் கட்டணத்தையும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து உதவுக. ஒரு கோடி கொடுத்தல் நம்மால் இயலாது; ஒரு கோடியைக் கட்டலாமா வேண்டாமா என்று ஒரு தந்தை தெரிந்து முடிவு செய்தற்குரிய சில ஆயிரங்களைக் கொடுத்தல் நம்மால் இயலும். அதனை இவ்வருஷமே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.