காவற்கணு

வண்ணாத்திவில்லுப் பகுதியிலே கடற்கரையிலும் களப்பிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு நடந்து உழைப்போர் பலர். முள் தைப்பதும் சிப்பி கிழிப்பதும் அவர்களுக்குப் புதியன அல்ல. காலிற் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். புண் ஆறினால் நெறியும் அடங்கும். இது தலைமுறை தலைமுறையாக அறிந்த உண்மை. யானைக்கால் நோய் பரவியிருந்த மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. ஆதலால், நெறி என்றதும் அந்நோயை நினைப்பாரும் இருந்தனர். இலங்கையில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததென்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது.

ஆயின், எல்லா நெறியும் முள்ளால் வருவதன்று. நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

நம் உடலிலே குருதிக் குழாய்களோடு நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. அவற்றின் வழியில் ஆங்காங்கே அமைந்த வடிகட்டிகளே நிணநீர்க் கணுக்கள். காலின் நிணநீர் பெரும்பாலும் தொடையிடுக்கையும், கையின் நிணநீர் கமக்கட்டையும் நாடிச் செல்லும். தோலில் தோன்றும் புற்றுநோய் பரவ முற்படின், பலவேளைகளில் முதலில் தங்குமிடம் இக்கணுக்களே.

தோற்புற்று வெள்ளையருக்கே உரியது என்பர் சிலர். அது முழு உண்மையன்று. மெலனோமா எனும் கொடிய வகை கருநிறத்தாரிடம் அரிதே. எனினும் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களையே பெரிதும் நாடுகிறது. யமேய்க்காவின் புகழ்பெற்ற பாடகர் பொப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் இந்நோய் 1977இல் கண்டறியப்பட்டது; 1981இல், 36ஆம் வயதில், அவர் மறைந்தார். பல்லாண்டு ஆறாத புண்ணிலும் பழைய தீத்தழும்பிலும் வேறொருவகைப் புற்று எழுவதுண்டு.

கிருமியால் கட்டிய நெறி பொதுவாக நோகும், நாளடைவில் வற்றும். புற்றேறிய நெறியோ பெரும்பாலும் நோவாது. கடினமாகி, மெல்ல மெல்லப் பெருக்கும். நோவின்மையே மனிதரை ஏமாற்றுகிறது. கைக்குத் தட்டுப்படும் கணுவிலே மருத்துவர் மெல்லிய ஊசியைச் செலுத்திச் சில உயிரணுக்களை எடுத்துச் சோதிப்பர்.

கைக்குத் தட்டுப்படாத நுண்ணிய பரவலை அறிவது எங்ஙனம்? அமெரிக்க அறுவை மருத்துவர் டொனால்ட் மோர்ட்டனும் அவர்தம் குழுவினரும் 1992இல் ஒரு வழியை வெளியிட்டனர். புற்றிருந்த இடத்தருகே நீலச் சாயத்தை ஏற்றினால், அது நிணநீரோடு சென்று முதற்கணுவைச் சேரும். அதுவே காவற்கணு. பின்னாளில் மென்மையான கதிரியக்கப் பொருளும் துணைக்கு வந்தது. அக்கணுவை மாத்திரம் எடுத்து நுணுக்குக்காட்டியால் ஆராய்வர். காவலாளி நலமாயின், உள்வீடும் பெரும்பாலும் நலமே.

காவற்கணுவிற் புற்றிருந்தால் அப்பகுதிக் கணுக்கள் அனைத்தையும் உடனே அகற்றுவது முன்னைய வழக்கம். அதனாற் கால் நிலையாக வீங்குவதுண்டு. மெலனோமா நோயாளர் பலருக்கு அவ்வாறு உடனே அகற்றுவதால் ஆயுள் கூடுவதில்லை என 2017இல் வெளியான பேராய்வு காட்டிற்று. ஆகவே இன்று பலரை அவ்வப்போது ஒலியலைச் சோதனையாற் கண்காணிக்கின்றனர்.

இத்தனை அறிவும் பயன்தருவது நோயாளி காலத்தோடு வந்தாற்றான். உள்ளங்காலில் வளரும் கரும்புள்ளி, நகத்தில் அகலும் கருங்கோடு, ஆறாத புண், வற்றாத நெறி — இவற்றுள் ஒன்று கண்டால் பத்துப் போட்டு நாள் கழிக்கலாகாது. புத்தளத்து அரச வைத்தியசாலையில் முதலிற் காட்டலாம். வேண்டின் மகரகமை அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்புவர். அரச வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். கடந்துபோன மாதங்களை மீட்டுத்தர எவராலும் இயலாது.

மாலையிற் கால் கழுவும்போது உள்ளங்காலையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தல் நன்று.