அடுப்படி வரை வந்த விசுவாசம்



சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் 1890-களில் படித்த ஓர் இளைஞர் பட்டம் வாங்காமலே வெளியேறினார். 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். கல்லூரியை விட்ட நாளுக்கும் அந்தக் கௌரவத்துக்கும் இடையில் அவர் எப்படி வாழ்ந்தார் என்பது, இன்று பட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே போகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கதை. அதில் பிரசங்கங்களுக்கு இடம் உண்டு. அவற்றைவிடப் பெரிய இடம் கல்யாணத்துக்கும் சாப்பாட்டுக்கும் பணத்துக்கும் உண்டு.

அசரியா 1874 ஆகஸ்ட் 17-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தார். அப்போது அது திருநெல்வேலிச் சீமை. இன்று தூத்துக்குடி மாவட்டம். தந்தை தாமஸ் வேதநாயகம் கிராமத்துக் குருவானவர். பனையையும் செம்மண்ணையும் நம்பி வாழ்ந்த அந்த ஊர்களில் ஆலயமணி ஓசையைக் கேட்டு எழுந்து, அதே ஓசையோடு ஜெபித்துப் படுக்கும் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை அவர். கல்லூரியை விட்டபின் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராகச் சேர்ந்து தென்னிந்தியா முழுவதும் சுற்றினார்.

1898-ல் திருமணம். மணமகள் அன்பு மாரியம்மாள், தென்னிந்தியாவில் கல்லூரிப் படிப்பு படித்த முதல் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர். படித்த மாப்பிள்ளைக்கு அன்றைக்கும் சந்தை விலை இருந்தது. அசரியா வரதட்சணை வாங்க மறுத்துவிட்டார். கல்யாணமும் எளிமையாக நடந்தது. பிற்காலத்தில் அவர் ஏழைச் சபைகளிடம் போய்க் கடன் வாங்கிக் கல்யாணம் செய்யாதீர்கள் என்று சொன்னபோது, அதைச் சொல்லும் உரிமை அவர் வீட்டிலிருந்தே வந்தது.

1902-ல் ஒரு யாழ்ப்பாணப் பயணம் அவரை உலுக்கியது. அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுத் தங்கள் ஆட்களையே ஊழியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலிச் சபைகளோ நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெளிநாட்டு மிஷன்களிடம் பெற்றுக்கொண்டே இருந்தன. பெற்றவர்கள் எப்போது கொடுக்கத் தொடங்குவார்கள்? அந்தக் கேள்வியிலிருந்து 1903 பிப்ரவரியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆட்கள் இந்தியர்கள், பணம் இந்தியப் பணம், நிர்வாகமும் இந்தியர் கையில். பனையேறிகளும் சிறு விவசாயிகளும் போட்ட காணிக்கையில் அது நின்றது. நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில், இன்றைய தெலங்கானாவில் இருக்கும் தோர்னக்கல் அதன் பணிக்களமாயிற்று.

அந்தக் காணிக்கைக்கு ஒரு வழி பிடியரிசி. சமைக்க உலை வைக்கும்போது, அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். வாரக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும். விற்ற காசு ஊழியத்துக்குச் சேரும். பணமே புழங்காத குடும்பத்துக்கும் கொடுக்கும் கௌரவத்தை இது தந்தது. அதிலும் பெண்கள் கையில் தந்தது. வடகிழக்கே மிசோரத்தில் 1910-ல் தொடங்கிய பிடியரிசி வழக்கம் இன்றுவரை அங்குள்ள சபைகளின் பெரிய வருமானங்களில் ஒன்று. ஒரு நாளுக்கு ஒரு பிடி யாருக்கும் பாரமில்லை. ஆனால் ஒவ்வொரு வேளையும் அடுப்பின் முன் நிற்கும் தாய் தன் வீட்டாரல்லாத ஒருவரை நினைத்துக்கொள்கிறாள். பக்கத்தில் நிற்கும் பிள்ளை அதைப் பார்த்து வளர்கிறது.

அனுப்பிவைத்தால் போதாது என்று அசரியாவுக்குப் பட்டது. 1909-ல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டு, குருப்பட்டம் பெற்று, அன்பு மாரியம்மாளோடு தோர்னக்கலுக்கே போனார். தெலுங்கு கற்றார். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவர் தோர்னக்கல் திருமண்டலத்தின் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார்.

தோர்னக்கலில் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்தினர். இரு சமூகங்களையும் ஊர் தீண்டத்தகாதவர்கள் என்று விலக்கி வைத்திருந்தது. அவர்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தது; ஒருவர் கிணற்றில் மற்றவர் நீர் எடுக்க மாட்டார், ஒரே பந்தியில் உட்கார மாட்டார். ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அந்த விலக்கம் தானாகப் போய்விடவில்லை. அசரியா இதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே ஆலயம், ஒரே திருவிருந்து, ஒரே பந்தி. திருச்சபைக்குள் சாதி நுழைந்தால் அது கிறிஸ்துவையே மறுதலிப்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அந்தச் சபைகளின் அன்றாடம் எளிமையானது. பகலெல்லாம் வயலில் கூலி வேலை. இருட்டியதும் உபதேசியார் மணியடிப்பார். ஊரே கூடிப் பாடும். எழுத்தறியாதவர்கள் வேதக் கதைகளைப் பாட்டாகக் கற்றார்கள். செத்த மாட்டின் இறைச்சியை விடுவது, சாராயத்தை விடுவது, குழந்தை மணத்தை நிறுத்துவது, வீட்டையும் தெருவையும் துப்புரவாக வைப்பது, பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது: இவை ஒவ்வொன்றும் சபை கூடிப் பேசி, ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு எடுத்த தீர்மானங்கள். தனியாக ஒருவர் குடியை விடுவது கடினம். கூடப் பாடுகிற அத்தனை பேரும் சேர்ந்து விடும்போது, தடுமாறுகிறவனைத் தேடி மறுநாள் மாலை நாலு பேர் வீட்டுக்கு வருவார்கள். சபை என்பதற்கு அங்கே அதுதான் பொருளாக இருந்தது.

இதை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் நடந்த சாட்சி வாரத்தில் ஆயிரக்கணக்கான சாதாரண விசுவாசிகள் அண்டை ஊர்களுக்குப் போனார்கள். அவர்கள் சொன்னதைவிட அவர்கள் மாறியிருந்த விதமே கேட்டவர்களை நிறுத்தியது. தங்கள் வயலில் வேலை செய்த கூலிக்காரர்களின் மாற்றத்தைக் கண்டு, நிலம் வைத்திருந்த சாதிகளிலிருந்தும் பலர் சபையைத் தேடி வரத் தொடங்கினார்கள். அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனெரி வாஸ்கம் பிக்கெட் 1933-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு நூல் இந்தப் போக்கை விரிவாகப் பதிவுசெய்தது. ஊர் எவரைத் தொடாமல் ஒதுக்கியதோ, அவர்களிடமிருந்தே ஊர் கற்றுக்கொண்டது. அசரியாவின் காலம் முடியும்போது அந்தத் திருமண்டலத்தின் கிறிஸ்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல்.

ஒரே பந்தி என்ற அதே அளவுகோலை அவர் வல்லவர்கள் முன்பும் வைத்தார். 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. அரங்கம் நிறைய ஐரோப்பியர், அமெரிக்கர். ஆசியர் மிகச் சிலர். முப்பத்தைந்து வயது அசரியா எழுந்து, மிஷனெரிகளின் தியாகத்தை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, குறையையும் நேராகச் சொன்னார்: வெள்ளை மிஷனெரிக்கும் இந்திய ஊழியருக்கும் இடையில் எஜமான், வேலையாள் உறவே இருக்கிறது, எங்களுக்கு வேண்டியது நண்பர்கள். சிலருக்கு அது கசந்தது. இன்றும் அந்த மாநாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த உரையை விட்டுவிட்டுப் பேச முடிவதில்லை.

1919 மேயில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடிப் பிரிந்திருந்த சபைகளின் ஐக்கியத்துக்கு அறைகூவல் விடுத்தார்கள். அதன் முன்னணியில் அசரியா இருந்தார். 1932-ல் தனி வாக்காளர் தொகுதிகள் பற்றிய விவாதம் வந்தபோது, கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டாம் என்றார். அயலாரிடமிருந்து பிரிந்து நிற்கும் ஒரு கூட்டமாகத் திருச்சபை மாறக்கூடாது என்பது அவர் கவலை. தோர்னக்கலில் அவர் கட்டிய பேராலயம் 1939 ஜனவரி 6-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இந்துக் கோயிலின் தூண்களையும் மசூதியின் குவிமாடங்களையும் நினைவூட்டும் கட்டடம் அது. அவர் 1945 ஜனவரி 1-ல் காலமானார். தென்னிந்தியத் திருச்சபை உருவான 1947 செப்டம்பர் 27-ஐ அவர் பார்க்கவில்லை.

அசரியா பிறந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கலாம். அங்கே அசனப் பண்டிகை இன்றும் நடக்கிறது. பெரிய பெரிய கொப்பரைகளில் சோறும் குழம்பும் கொதிக்க, ஊரே வரிசையாகத் தரையில் அமர்ந்து சாப்பிடுகிறது. அது அருமையான வழக்கம். அதே தமிழ்நாட்டில், இறந்தவர்களையும் சாதி பார்த்துப் பிரிக்கும் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களும் உண்டு. ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் ஒரே மண்ணில் படுக்க மறுப்பதை எந்த வேத வசனத்தாலும் நியாயப்படுத்த முடியாது. வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடைசெய்துவிட்டது. ஆனாலும் ஆலயத்தில் திருமண ஓலை வாசிக்கப்படுவதற்கு முன்பே பல வீடுகளில் தொகை பேசி முடிக்கப்பட்டுவிடுகிறது. மாப்பிள்ளையின் பட்டம் உயர உயர அந்தத் தொகையும் உயர்கிறது. இன்று இந்த மேடையில் கொடுக்கப்படும் சான்றிதழ் அந்தப் பேரத்துக்குப் பயன்படுமானால், அது இந்தக் கல்லூரிக்கும் திருச்சபைக்கும் துக்கம்.

பட்டதாரிகளே, அடுத்த சில மாதங்களில் உங்களில் பலர் சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போவீர்கள். புதிய ஊரில் முதல் ஞாயிறே ஒரு சபையைத் தேடுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு ஆசீர்வாதம் கூறியவுடன் கிளம்பிவிடாமல், ஆயரிடம் பெயரைச் சொல்லி ஒரு வேலை கேளுங்கள்: ஓய்வுநாள் பள்ளி வகுப்போ, நோயாளிகளைப் பார்க்கும் குழுவோ, தனியாக இருக்கும் முதியவருக்கு மருந்து வாங்கித் தருவதோ. முதல் சம்பளத்திலேயே பிடியரிசியை ஒதுக்கிவிடுங்கள். அலுவலகத்தில் தண்ணீர் கொண்டுவரும் பெரியவரோடு ஒரே மேசையில் சாப்பிடுங்கள். கையெழுத்துக்குப் பணம் வரும் மேசையில் உட்கார நேர்ந்தால், அன்றே சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் அதைச் சொல்லுங்கள். தனியாக எதிர்த்து நிற்பதைவிட அது எளிது.

பெற்றோர்களே, அன்பு மாரியம்மாளை நகையும் ரொக்கமும் பேசாமல் மணமுடித்த அந்த வீட்டைப் போல உங்கள் வீட்டிலும் ஒரு கல்யாணம் நடக்கட்டும். அதை முதலில் சொல்ல வேண்டியது பிள்ளைகள். சொல்லும்போது செவிகொடுக்க வேண்டியது நீங்கள். இன்றிரவு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்காரும்போதே அந்தப் பேச்சைத் தொடங்கலாம்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.