உறவு வழி ஆற்றுப்படை



பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீள்பவன் பெறாதவனுக்கு வழி கூறுகிறான். செல்லும் வழியோடு, இடையில் எவர் வரவேற்பர், என்ன உணவளிப்பர் என்பதையும் சொல்லிவிடுகிறான்.

1983 ஜூலைக் கலவரத்திற்குப்பின் ஐரோப்பா சென்ற ஈழத்தமிழரிடமும் இம்மரபு தொடர்ந்தது. முன்னே சென்றவர் பின்னே வருபவருக்கு வழி சொன்னார். ஆயினும் ஒருதாய் மக்கள் ஒரே நாட்டை அடையவில்லை. அண்ணன் இலண்டனில், தம்பி பாரிசில், தங்கை ஜெர்மனியில், கடைக்குட்டி சுவிட்சர்லாந்தில் எனச் சிதறிய குடும்பங்கள் பல. ஜெர்மனியில் புகலிடம் கோரியவர், தமக்கு வகுத்த வட்டார எல்லையை அனுமதியின்றித் தாண்டவும் இயலாதிருந்தது.

1994இல் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கப்பாதை திறந்தது. 1995இல் ஷெங்கன் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. சுவிட்சர்லாந்து 2008இல் இணைந்தது. கோடை விடுமுறைதோறும் குடும்பங்கள் காரில் புறப்படலாயின. பாரிசின் லா சப்பல் கடைத்தெரு, சித்தப்பா வீடு. 2002இல் எழுந்த ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயிலின் தேர், அத்தை வீடு. பின்னர் ஆல்ப்ஸ் மலையடி.

பிள்ளைகளுக்கு இது சுற்றுலா. பெற்றோருக்கோ, தங்கும் வீடு ஒவ்வொன்றும் ஓர் உடன்பிறப்பின் ஓட்டம் நின்ற இடம். பயணத்தின் வரைபடமே பிரிவின் வரைபடம்.

மழை பொய்த்த ஆண்டுகளில் மல்லாங்கிணற்றுக் கரிசலும் பிள்ளைகளை வெளியூர் அனுப்பியதுண்டு. அவர்கள் பொங்கலுக்குத் திரும்ப ஊர் இருக்கிறது. அவர்களுக்கோ ஊரே நான்கு நாடுகளில் கிடக்கிறது. ஆண்டுக்கொருமுறை அதைச் சேர்த்துக் கட்டுவது அந்தக் கார்தான்.

கவிஞர்களே, அந்த ஆற்றுப்படை இன்னும் பாடப்படக் காத்திருக்கிறது.