நந்தனார் கதை வளர்ந்த விதம்

கடலூரினின்று தில்லை நமக்கு ஒரு மணிப் பயணம். திருநாளைப்போவார்க்கோ அது வாழ்நாள் ஏக்கம். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவர் பெயரளவே. நம்பியாண்டார் நம்பி ஒரே செய்யுளில் ஆதனூரையும் குலத்தையும் சேர்த்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார்தாம் முன்கதையை விரித்தார்: ஊர் விட்ட மானிய நிலம், பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளிக்கும் தொண்டு, திருப்புன்கூரில் விலகிய நந்தி. அங்கே அவரைத் தடுப்பது தம் பிறப்பை எண்ணித் தயங்கும் உள்ளமே. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பண்ணை வேதியரைப் புகுத்தினார். தடை வெளியே வந்தது. கொடுமைக்கு ஒரு முகம் கிடைத்தது, உண்மைதான். ஆயின், உரிமை நிலத்தால் வாழ்ந்த தொழிலாளர், விடை கேட்டு நிற்கும் பண்ணையாளாகக் குறுகினார். கதாகாலட்சேப மேடைக்கு அந்தக் கண்ணீர் வேண்டியிருந்தது போலும்! சேக்கிழார் மூட்டிய தீயை மட்டும் பாரதியாரும் அவிக்கவில்லை.