திரும்பி வந்தவன் ஒருவனே

(சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையில், 1995ஆம் ஆண்டு விடுதி மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூறு ஆண்டுகளாக இச்சங்கத்தைக் காத்து நடத்திவந்த தேவனுக்கு முதற்கண் ஸ்தோத்திரம். நன்றி சொல்லவே இன்று கூடியிருக்கிறோம். ஆகையால் லூக்கா 17ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் குஷ்டரோகிகளை நினைவுகூர விரும்புகிறோம்.

இவர்களின் கதையை ஞாயிறு பாடசாலையிலேயே கேட்டோம். திரும்பி வராத ஒன்பது பேரையும் நன்றி கெட்டவர்கள் என்று ஏசியும் இருக்கிறோம். ஆனால் அவர்கள் இயேசு சொன்னதையே செய்தார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை. ஆசாரியரிடம் போய்க் காட்டும்படி சொன்னார், போனார்கள், போகும் வழியிலே சுத்தமானார்கள். சொல்லைத் தட்டாத பிள்ளைகள்தாம். தங்களைச் சுகமாக்கியவரின் முகத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவர்களுக்கு வரவில்லை. அந்த ஆசை வந்த ஒருவன் சமாரியன், பிறத்தியான். அவன் திரும்பி வந்து அவர் பாதத்தில் விழுந்தான்.

நாமும் நிறையப் பெற்றவர்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்ததோடு நில்லாமல், நம் இளைஞருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஆண் வைத்தியரிடம் போகத் தயங்கி வீட்டிலேயே நோயோடு கிடந்த பெண்களைக் கண்டு மனமுருகிய லீச் சகோதரிகள் மேரியும் மார்கரெட்டும், கடல் கடந்த நாடுகளில் பணம் சேர்த்தார்கள். இணுவிலிலே பெண்களுக்கென்று மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. கிறிஸ்துவின் மேலுள்ள நேசமே இவர்களை இங்கு கொண்டுவந்தது. நம் பாட்டிமாரும் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைப் புறம்பாக எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுத்தார்கள். வறுமையான வீட்டிலும் பிடியரிசிப் பானை இருந்தது.

இனி எங்கள் கதையைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாயிருந்தாலும் இந்த நாளில் மறைக்க மனமில்லை.

எங்கள் விடுதிச் சமையற்கட்டில் ஓர் ஆச்சி இருந்தார். விடியற்காலையில் அடுப்பு மூட்டுவார். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்து, ஆற்றிக் கொண்டுவந்து தருவார். ஒவ்வொரு வேளையும் எழுந்து நின்று உணவுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னோம். அதைச் சமைத்த ஆச்சிக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தது. அன்றிரவு மழைக்குள், விடுதியில் மிஞ்சியிருந்த எங்களில் சிலரைத் தென்மராட்சி வரை நடத்திக் கூட்டிச் சென்றவர் அந்த ஆச்சிதான். எங்கள் பெட்டியைத் தன் தலையில் வைத்துக்கொண்டார். தன்னுடையதென்று ஒரு சிறு பொட்டலம் மட்டுமே கொண்டுவந்தார். உறவினரிடம் எங்களை ஒப்படைத்துவிட்டு, கூட்டத்துக்குள் மறைந்து போனார்.

பிறகு கொழும்பு, லண்டன், கனடா என்று சிதறினோம். 2002இல் ஏ9 பாதை திறந்தது. அடுத்த ஆண்டு எங்களில் ஆறு பேர் கல்லூரிக்கு வந்தோம். மண்டபத்தில் படம் எடுத்தோம், தேநீர் குடித்தோம், நன்கொடையும் கொடுத்தோம். ஆச்சி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆச்சி இரண்டு ஒழுங்கை தள்ளி, படுத்த படுக்கையாய்க் கிடந்திருக்கிறார். சில மாதங்களின் பின் அவர் இறந்தபோதுதான் அறிந்தோம். கடைசிவரை பார்த்துக்கொண்ட அயல்வீட்டு அம்மா சொன்னார்: "பிள்ளையள் வந்தவையாம் எண்டு கேள்விப்பட்டவ. வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தவ. பிறகு, 'அதுகள் நல்லாயிருந்தாச் சரி' எண்டு சொன்னவ." அந்த அம்மா நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர், நம் கல்லூரியில் படித்தவரும் அல்லர்.

சகோதரிகளே, திரும்பி வந்த சமாரியன் யார், வராதவர்கள் யார் என்று அன்று எங்களுக்கு விளங்கியது. பசித்தவனுக்கும் வியாதிக்காரனுக்கும் செய்வது தமக்கே செய்ததாகும் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். அவர் அந்த ஒழுங்கையிலே பாயில் கிடந்தார். நாங்கள் மண்டபத்தில் அவரைப் பாடிக்கொண்டிருந்தோம். இந்தத் துக்கம் எங்களை விட்டுப் போகவில்லை; போக வேண்டும் என்று நாங்கள் ஜெபிப்பதுமில்லை. பேதுருவிடம் ஆண்டவர் மூன்று முறை கேட்ட கேள்வியை இந்தத் துக்கத்தின் வழியாக எங்களிடமும் கேட்கிறார். நேசிக்கிறேன் என்று சொன்ன பேதுருவுக்கு அவர் கொடுத்தது ஒரு வேலை. மறுதலித்தவனுக்கே அதைக் கொடுத்தார் என்பதுதான் எங்களுக்கு ஆறுதல்.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். இந்த நூற்றாண்டில் கல்வெட்டு வைப்போம், மலர் வெளியிடுவோம், நல்லது. விமானம் ஏறுமுன் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்குப் போய் வாருங்கள். உங்களுக்குப் படிப்பித்தவர், சோறு போட்டவர், மணி அடித்தவர் யாராவது இன்னும் இருப்பார். வெறுங்கையோடு போனாலும் பரவாயில்லை. பக்கத்தில் இருந்து கையைப் பிடியுங்கள். ஊருக்கு வர முடியாதவர்கள், இருக்கும் நாட்டிலே தனிமையில் வாடும் ஒருவரைத் தேடிப் போங்கள். அதுவே நம் பிடியரிசியாக இருக்கட்டும்.

ஒன்பது பேர் எங்கே என்று கேட்ட ஆண்டவர், இன்னும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரும்பிப் போக நம் எல்லோருக்கும் அவர் கிருபை தருவாராக. ஆமென்.